ஒரே அகலம், நான்கு கற்கள்: ஏற்காட்டு முற்றம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் ஒன்றின் நுழைவு முற்றத்தில் நான்கு கற்கள் இருக்கின்றன. முதலாவது கனசதுரம், அடுத்தது எண்பட்டைக் கல், மூன்றாவது நின்ற நிலையில் உருளை, கடைசியாகக் கோளம். நான்கின் அகலமும் உயரமும் 600 மில்லிமீட்டர். இவற்றில் உருவமோ பூவோ கொடியோ செதுக்கப்படவில்லை. முற்றத்தை ஒட்டிப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி 12 அடிச் சதுரத்தில் ஒரு சிறு மண்டபம் நிற்கிறது. கற்களையும் மண்டபத்தையும் வரைந்தவர் சேலத்தில் தொழில் செய்யும் இளம் கட்டடக் கலைஞர். கல் வேலையைச் செய்தவர் சேலத்துக்கு அருகே பட்டறை வைத்திருக்கும் மூத்த ஸ்தபதி. அவர்களின் வரைபடங்கள், பட்டறைக் குறிப்புகள், இருவரோடும் தோட்ட உரிமையாளரோடும் நடத்திய உரையாடல்கள், மழைக்காலம் முடிந்தபின் நேரில் பார்த்தவை ஆகியவற்றிலிருந்து இந்த ஆய்வை எழுதுகிறேன். அவர்கள் விருப்பப்படி பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

எளிய வடிவியல் உருவங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வடிவத்துக்கே பொருள் தேடுவார்கள். சதுரம் உறுதி, வட்டம் முழுமை என்ற வகையில் பேச்சு போகும். இந்த வேலையில் அந்தப் பேச்சுக்கு அரைநாள்கூட செலவாகவில்லை. எந்தெந்த வடிவம் என்பது தொடக்கத்திலேயே முடிவாகிவிட்டது. அதன்பின் மாதக்கணக்கில் நடந்த விவாதம் எல்லாம் விளிம்பைப் பற்றியும், கல் தரையில் அமரும் இடத்தைப் பற்றியும், முகத்தை உளியால் கொத்தும் பொளிவைப் பற்றியும், மலையின் ஒளியைப் பற்றியுமே இருந்தது. எளிய வடிவம் நன்றாக அமைந்ததா இல்லையா என்பதை இவைதான் தீர்மானிக்கின்றன என்பது என் கணிப்பு.

தூண் கைவிடப்பட்ட கதை

முதல் வரைவில் நான்கு கற்கள் இல்லை. 1800 மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரே தூண் இருந்தது: கீழ் மூன்றிலொரு பங்கு சதுரம், நடுப்பங்கு எண்பட்டை, மேற்பங்கு வட்டம். ஒரு வடிவம் இன்னொன்றாக மாறுவதை ஒரே கல்லில் காட்டலாம் என்பது கட்டடக் கலைஞரின் எண்ணம். வரைபடத்தைப் பார்த்த ஸ்தபதி சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாராம்:

"அம்மா, கீழ சதுரம், நடுவுல எட்டுப் பட்டை, மேல உருட்டு. இந்த வரிசையில அடுக்கினா நம்ம பக்கம் அது லிங்கந்தானுங்க. நாளைக்குக் காலையில யாராச்சும் திருநீறு பூசிட்டுப் போயிருவாங்க. அப்புறம் அதுமேல சாஞ்சு உக்காந்து காப்பி குடிக்க முடியுங்களா?"

அவர் சொன்னது சிற்ப மரபின் அடிப்படைப் பாடம். கருவறையில் நாம் பார்க்கும் லிங்கத்தின் வட்டமான மேற்பகுதி ருத்ர பாகம். ஆவுடையாருக்குள் மறைந்திருக்கும் எண்பட்டைப் பகுதி விஷ்ணு பாகம். அதற்கும் கீழே தரைக்குள் பதியும் சதுரம் பிரம்ம பாகம். அந்த வரிசையை அறியாதவர்கூட நட்டு நிறுத்திய கல்லைச் சும்மா கடந்து போகமாட்டார். நடுகற்களுக்குப் பேர்போன சேலம், தருமபுரி வட்டாரத்தில் நிற்கும் கல்லுக்கு மஞ்சளும் கற்பூரமும் தானாகவே வந்துசேரும். வடிவியல் உருவம் எந்தப் பொருளையும் சுமக்காத வெறும் வடிவம் என்ற நவீனச் சிற்பத்தின் எதிர்பார்ப்பு இந்த மண்ணில் செல்லாது. அதைக் கட்டடக் கலைஞர் உடனே ஏற்றுக்கொண்டது இந்த வேலைக்குக் கிடைத்த முதல் நன்மை.

"அப்ப மூணையும் பிரிச்சுத் தனித்தனியாத் தரையில வச்சா எப்படிங்க ஐயா?" என்று அவர் கேட்டிருக்கிறார். "பிரிச்சிட்டா வெறுங் கல்லுதானுங்கம்மா, தாராளமா உக்காரலாம்" என்பது பதில். கோளம் அதன்பின் சேர்ந்தது. தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் யாளியின் வாய்க்குள் உருளும் கல்பந்தை எடுத்துக்காட்டி, உருட்டு வரைக்கும் வந்துவிட்டுப் பந்தை விடுவானேன் என்று ஸ்தபதியே யோசனை சொன்னதாகத் தெரிகிறது. இந்த வட்டாரத்தை ஆண்ட கெட்டி முதலிகள் காலத்து அந்தக் கோயிலின் கல் சங்கிலியையும் வாலி சுக்ரீவன் தூண்களையும் போய்ப் பார்ப்பவர்கள், அதே கோயிலின் சாதாரண எண்பட்டைத் தூண்களை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்பது அவருடைய நெடுநாள் மனக்குறை.

உரிமையாளர் அந்த அளவுக்கு இறங்கி வரவில்லை. "சின்னப் பிள்ளைங்க அடுக்கி விளையாடுற கட்டையாட்டம் இருக்குதுங்களே, இதுக்கா இவ்வளவு செலவு?" என்று கேட்டார். குறையாகச் சொன்னது உண்மையில் சரியான இடத்தைத் தொட்டது. மழலையர் பள்ளி முறையை உருவாக்கிய ஜெர்மானியக் கல்வியாளர் ஃபிரோபெல் குழந்தைகளுக்கென்று வகுத்த விளையாட்டுப் பொருள்களில் கோளம், உருளை, கனசதுரம் மூன்றும் ஒரே தொகுப்பாக இருந்தன. அவருடைய கல்லறைச் சின்னமும் அந்த மூன்று வடிவங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதே. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் சிறு வயதில் அந்தக் கட்டைகளோடு வளர்ந்தவர். தம் வடிவ உணர்வுக்கு அவையே வித்து என்று பிற்காலத்தில் சொன்னவர்.

சுற்றி நடந்தால் என்ன தெரிகிறது

நான்கு கற்களுக்கும் ஒரே அகலம் என்ற முடிவுதான் இந்த வடிவமைப்பின் உயிர். அமெரிக்கச் சிற்பி டொனால்ட் ஜட் 1982 முதல் 1986 வரை டெக்சாஸின் மார்ஃபாவில் அமைத்த 100 அலுமினியப் பெட்டிகளின் வெளியளவு ஒன்றே: 41, 51, 72 அங்குலம். உட்புறப் பிரிப்பு மட்டும் ஒவ்வொன்றிலும் வேறு. அளவைக் கட்டிப்போட்டால்தான் வடிவத்தின் வேறுபாடு தெரியும் என்பது அங்கே உள்ள தர்க்கம். அதே தர்க்கம்தான் இங்கும் செயல்பட்டிருக்கிறது.

முற்றத்தில் நின்று பார்த்தால் நான்கும் ஒரே அளவாகத் தெரிவதில்லை. கனசதுரத்தை நேர்முகமாகப் பார்க்கும்போது அதன் அகலம் 600 மில்லிமீட்டர். மூலை எதிரே வரும்படி நகர்ந்தால் அதுவே 849 ஆக விரிகிறது. எண்பட்டைக் கல் 600க்கும் 649க்கும் இடையில் மட்டுமே மாறுகிறது. உருளை எங்கிருந்து பார்த்தாலும் 600. பாதை கற்களைச் சுற்றி வளைந்து போவதால், நடப்பவரின் கண்ணுக்குக் கனசதுரம் பெருத்தும் சிறுத்தும் அசைகிறது, எண்பட்டை லேசாக மூச்சுவிடுகிறது, உருளை அசையாமல் நிற்கிறது. இந்த மூன்றுவகை அசைவை ஒரே பார்வையில் பெற வேண்டுமென்றே பாதையைக் கட்டடக் கலைஞர் நேராகப் போடவில்லை. எடையும் அப்படித்தான். கன மீட்டருக்கு 2,700 கிலோ என்று வைத்தால் கனசதுரம் சுமார் 580 கிலோ, எண்பட்டை 480, உருளை 460, கோளம் 305. எண்பட்டைக்கும் உருளைக்கும் இடையே 20, 25 கிலோதான் வேறுபாடு என்பது பின்னால் வரப்போகும் ஒரு சிக்கலுக்கு முன்னறிவிப்பாக இருந்தது.

கல் சார்னோக்கைட். நீலம் கலந்த சாம்பல் நிறமும் எண்ணெய் தடவியது போன்ற மினுப்பும் கொண்ட இந்தப் பாறைதான் ஏற்காடு அமைந்திருக்கும் சேர்வராயன் மலையின் உடம்பு. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட், சார்னாக்கின் பெயரையே பாறைக்கு இட்டார். பட்டறைக்கு வந்த கற்கள் சமவெளிக் குவாரியிலிருந்து வந்தவை. மலையின் கல்லையே மீண்டும் மலைக்கு ஏற்றியதுபோல் ஆயிற்று.

எட்டுப் பட்டை போடும் கணக்கு

சதுரத்திலிருந்து எண்கோணம் எடுக்கக் கொத்தனார்கள் கையாளும் சுருக்கு வழி ஒன்று உண்டு. பக்கத்தை 24 பங்காக்கி 7, 10, 7 என்று பிரித்து, இரு முனையிலும் உள்ள ஏழேழு பங்கை வெட்டிவிடுவார்கள். மண்டபத்தின் உள்ளே, சதுரச் சுவர்களின்மேல் எண்கோண வளையம் ஒன்றை அமைக்க இந்தக் கணக்கையே பயன்படுத்தினார்கள். 12 அடிப் பக்கம் மூன்றரை, ஐந்து, மூன்றரை என்று அழகாகப் பிரிகிறது. மூலைகளில் குறுக்கே வரும் பக்கம் கண்டிப்பாகக் கணக்கிட்டால் ஐந்தடிக்கு அரை அங்குலத்துக்குச் சற்றே கூடுதலாகக் குறைகிறது. தலைக்குமேல் பத்தடி உயரத்தில், பூச்சோடு இருக்கும் வளையத்தில் அதை யாரும் கண்டுபிடிக்க முடியாது.

அதே சுருக்கு வழியை 600 மில்லிமீட்டர் கல்லில் போட்டால் நான்கு முகங்கள் 250 ஆகவும் வெட்டி வந்த நான்கு முகங்கள் 247.5 ஆகவும் வரும். இரண்டரை மில்லிமீட்டர் என்பது கேட்கச் சிறியது. ஆனால் கையெட்டும் உயரத்தில், வேறெந்த வேலைப்பாடும் இல்லாத கல்லில், அடுத்தடுத்து நிற்கும் இரு முகங்களைக் கண் தானாகவே ஒப்பிடுகிறது. எனவே பட்டறையில் பழைய முறைக்கே போனார்கள். சதுரத்தின் மேல்முகத்தில் இரு மூலைவிட்டங்களையும் காவி நூலால் தட்டி, மையத்தைப் பிடித்து, மூலையிலிருந்து மையம் வரையுள்ள தூரத்தைக் கவராயத்தில் எடுத்தார்கள். இந்தக் கல்லில் அது 424.3 மில்லிமீட்டர். ஒவ்வொரு மூலையிலும் கவராயத்தின் ஊசியை ஊன்றி இரு பக்கங்களையும் வெட்டும்படி வில் போட்டால் எட்டுப் புள்ளிகள் கிடைக்கின்றன. அவற்றை இணைத்தால் ஒவ்வொரு முகமும் 248.5. அளவுகோலில் ஒரு எண்ணைக்கூடப் படிக்காமல் இது முடிகிறது. ஸ்தபதியின் உதவியாளரான இளைஞர் கால்குலேட்டரில் சரிபார்த்துவிட்டு நம்பமுடியாமல் மறுபடியும் தட்டிப்பார்த்ததாகச் சொன்னார்.

உருளைக்கும் இதே வழிதான் தொடர்கிறது. எட்டைப் பதினாறாக்கி, பதினாறை முப்பத்திரண்டாக்கினால் வட்டத்துக்கு அப்பால் எஞ்சியிருக்கும் கல் குறுக்குவெட்டில் முந்நூறில் ஒரு பங்குதான். அதை உளியின்றித் தேய்த்தே எடுத்துவிடலாம். சதுரத்திலிருந்து எட்டுக்குப் போகும்போது நூற்றில் பதினேழு பங்கு கல் போகிறது, அங்கிருந்து வட்டம் வரை போவது நான்கு பங்குதான். அதனால் எண்பட்டை என்பது இடைநிலைதான் என்றாலும் வேலையில் பெரும்பகுதி அதிலேயே முடிந்துவிடுகிறது.

விளிம்பு

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சாக்கு சுற்றி, வைக்கோல் மெத்தையிட்டு அனுப்பிய கற்கள் பழுதின்றி மேலே வந்தன. இறக்கும்போது சுமை தூக்கும் செயின் பிளாக்கின் சங்கிலி உரசிக் கனசதுரத்தின் மேல் விளிம்பில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சில்லு பெயர்ந்தது. பூவேலை நிறைந்த தூணாக இருந்தால் ஓர் இதழைச் சற்றுத் திருத்தி மறைத்திருப்பார்கள். கனசதுரத்தில் மறைக்க இடமில்லை. முகம் முழுவதையும் இறக்கித் தேய்த்தால் 600 என்ற அளவு போய்விடும். ஒட்டுப் போட்டால் மழையில் நிறம் காட்டிக்கொடுக்கும்.

கடைசியில் பன்னிரண்டு விளிம்புகளையும் ஒரே சீராக 6 மில்லிமீட்டர் அளவுக்குச் சாய்வாக முறித்தார்கள். சில்லு அந்தச் சாய்வுக்குள் போய்விட்டது. அதோடு எதிர்பாராத ஒரு நன்மையும் வந்தது. சாய்வான அந்த மெல்லிய பட்டை வானத்தைப் பார்ப்பதால், முகங்கள் இருண்டிருக்கும்போதும் விளிம்பில் ஒரு வெளிச்சக் கோடு நிற்கிறது. கனசதுரம் முன்னைவிடத் தெளிவாகத் தெரிகிறது.

எண்பட்டைக்கும் அப்படியே செய்துவிடலாம் என்று உரிமையாளர் சொன்னபோது ஸ்தபதி மறுத்தார். கனசதுரத்தின் விளிம்பு 90 பாகை. எண்பட்டையின் நின்ற விளிம்பு 135 பாகை. அதை முறித்தால் எட்டு பதினாறு போல் தோன்றத் தொடங்கிவிடும். தவிர, விரிந்த கோணம் எளிதில் சில்லு போகாது. மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரைத் தூண்களில் மேலும் கீழும் சதுரமாகவும் நடுவில் எண்பட்டைக் கட்டாகவும் இருப்பதை நாம் அழகுக்காக என்றே எடுத்துக்கொள்கிறோம். செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றி ஆக்கியதாக மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமைப்படும் அந்த மன்னனின் தச்சர்கள், மனிதர் தோளும் கையும் உரசும் உயரத்தில் கூர்மூலையை விலக்கியது பயன் கருதியும் இருக்கலாம் என்று இந்தக் கற்களைப் பார்த்தபின் எனக்குத் தோன்றுகிறது.

மூடுபனி

மேலே சொன்ன சிக்கல் பனிக்காலத்தில் வந்தது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காலை நேரங்களில் மூடுபனி இறங்கும்போது வெளிச்சம் எல்லாத் திசையிலிருந்தும் ஒன்றுபோல் வருகிறது. வெயிலில் எண்பட்டைக் கல்லின்மேல் மூன்று நான்கு சாயல்கள் பட்டை பட்டையாகத் தெரியும், உருளையின்மேல் ஒரே சாயல் மெல்ல மங்கிக்கொண்டே போகும். பனியில் இரண்டுமே சாம்பல் நிறத் தூண்களாக நின்றன. கோளம் வெறும் வட்டத் தகடாகத் தட்டையாகிவிட்டது. "எட்டும் உருட்டும் ஒண்ணாத்தானுங்க தெரியுது" என்ற உரிமையாளரின் குறையில் நியாயம் இருந்தது. கட்டடக் கலைஞரின் வரைபடங்களும் கணினிப் படங்களும் தெளிந்த வெயிலைக் கருதியே வரையப்பட்டவை. உலகெங்கும் எளிய வடிவங்களைப் புகழ்ந்தவர்கள் பெரும்பாலும் அப்படித்தான். கட்டடக் கலைஞர் லெ கார்புசியே 1923இல் கனசதுரம், கூம்பு, கோளம், உருளை ஆகியவற்றை ஒளி வெளிப்படுத்தும் முதன்மை வடிவங்கள் என்று எழுதியதும் மத்தியதரைக் கடலின் வெயிலை மனத்தில் வைத்துத்தான் என்று கொள்ளலாம்.

தீர்வு மீண்டும் பட்டறையிலிருந்து வந்தது. எண்பட்டைக் கல்லின் எட்டு முகங்களில் நான்கு சதுரத்திலிருந்து வந்தவை, மற்ற நான்கு வெட்டி வந்தவை. வெட்டி வந்த முகங்களை மட்டும் உளியால் நெருக்கமாகப் பொளிந்துவிடலாம் என்றார் ஸ்தபதி. இந்தக் கருங்கல்லைத் தேய்த்தால் நிறம் இருளும், பொளிந்தால் மேற்பரப்பில் படிகங்கள் நொறுங்கி வெளுக்கும். பொளிந்த பிறகு, காற்றில் பனி இருந்தும் கல் காய்ந்திருக்கும் காலைகளில், கருமுகமும் வெண்முகமும் மாறி மாறி நின்று எட்டை இருபதடி தூரத்திலேயே காட்டுகின்றன. கல் எதிலிருந்து எதுவாக மாறியது என்ற முதல் வரைவின் எண்ணமும் இதில் திரும்பிவிட்டது. உருளைக்கு மேலிருந்து கீழாக மெல்லிய உளிக்கோடுகள் போட்டார்கள். கனசதுரத்தை அப்படியே விட்டார்கள்.

கோளத்துக்குப் பனியில் எந்த வைத்தியமும் பலிக்கவில்லை. அதைக் கண்ணாடி போல் பாலிஷ் செய்யலாம் என்ற யோசனை வந்தது. பாலிஷ் செய்த கோளம் சுற்றியுள்ள மரங்களையும் நம் முகத்தையும் காட்டுமேயன்றித் தன் வடிவத்தைக் காட்டாது என்பதால் கட்டடக் கலைஞர் மறுத்தார். அது சரியான முடிவு.

கோளம் அமர்ந்த விதம்

கோளத்தில் உழைப்பும் சேதாரமும் அதிகம். கனசதுரக் கல்லிலிருந்து அதைத் திரட்டும்போது கிட்டத்தட்டப் பாதிக் கல் சில்லாகப் போகிறது. உருண்டை சரியாக வந்ததா என்று பார்க்க 400 மில்லிமீட்டர் இரும்பு வளையம் ஒன்றைப் பட்டறையில் வைத்திருந்தார்கள். வளையத்தைக் கோளத்தின்மேல் எங்கே எப்படி வைத்தாலும் சுற்றளவு முழுவதும் ஒட்ட வேண்டும். எங்காவது காகிதம் நுழைந்தால் வளையம் தொட்டு நிற்கும் இடத்தில் இன்னும் தேய்க்க வேண்டிய மேடு இருக்கிறது என்று பொருள். பார்க்கும் கண்ணைவிட இந்த வளையம் கறாரானது.

தரையில் வைப்பதே பெரிய கேள்வியாக இருந்தது. கணக்குப்படி கோளம் தரையை ஒரு புள்ளியில் தொடும். 305 கிலோ எடையை மலைச்சரிவில் ஒரு புள்ளியில் நிறுத்திவைக்க முடியாது. ஜெர்மானியக் கவிஞர் கதே 1777இல் வைமரில் தம் தோட்டத்தில் நிறுவிய சின்னத்தில் கனசதுரத்தின்மேல் கோளம் அமர்ந்திருக்கிறது. பார்ப்பவர்க்கு எப்போது வேண்டுமானாலும் உருளும் போலத் தோன்றுவதே அதன் சுவை. அந்தச் சுவையும் கெடாமல், பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்து தள்ளினாலும் நகராமல் இருக்கவேண்டும். அடிக்கல்லில் 160 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஆழமற்ற குழி எடுத்தார்கள். அந்த விட்டத்துக்குக் கோளம் 11 மில்லிமீட்டர்தான் உள்ளே இறங்குகிறது, நடுவில் துருப்பிடிக்காத எஃகு முளை ஒன்று இரு கல்லையும் பிடித்திருக்கிறது. நிமிர்ந்து நின்று பார்ப்பவருக்குக் குழி தெரிவதில்லை. குழியில் நீர் தேங்கி முளையைச் சுற்றிக் கறை படியாதிருக்க, பள்ளப் பக்கமாக விரல் அகலத்தில் ஒரு வடிகால் கோடும் இழுத்திருக்கிறார்கள்.

மண்டபம்

மண்டபத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. எண்கோணக் கூரை போட்டு ஓடு வேயவேண்டும் என்ற ஆசை, எட்டு மூலைக்கோடுகளும் எட்டு ஒழுகல்களாகும் என்று ஓட்டு வேலைக்காரர் சொன்னவுடன் அடங்கியது. வெளியே நான்கு சரிவு கொண்ட சதுரக் கூரையும் உள்ளே மட்டும் எண்கோண வளையமுமாக முடிந்தது. பள்ளத்தாக்கைப் பார்த்த சுவரில் நான்கடி விட்டத்தில் முழு வட்டத் திறப்பு இருக்கிறது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான் அகமதாபாத் மேலாண்மைக் கழகத்தில் செங்கல் சுவரில் திறந்த பெரு வட்டங்களை நினைத்து வரைந்தது என்று கட்டடக் கலைஞர் மறைக்காமல் சொல்கிறார். வட்ட வடிவில் சன்னல் சட்டம் செய்வது தச்சருக்குப் பெரும் செலவு என்பதால், சுவரின் உட்புறத்தில் வட்டத்தைவிடச் சற்றுப் பெரிய சதுரச் சட்டம் பொருத்தி அதில் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வட்டம் மட்டுமே தெரியும். உள்ளே அமர்ந்தவருக்குச் சதுரத்துக்குள் வட்டம். முற்றத்துக் கற்களுக்கும் மண்டபத்துக்கும் உள்ள உறவு, என் பார்வையில், எண்கோண வளையத்தைவிட இந்தச் சன்னலில்தான் நன்றாகக் கூடியிருக்கிறது.

ஒரு மழைக்காலத்துக்குப் பின்

பெருமழை நாள்களில் எண்பட்டையின் இரு நிற உத்தி பலிப்பதில்லை. நனைந்தால் பொளிந்த முகமும் கறுத்துவிடுகிறது, வேறுபாடு பாதிக்குமேல் மறைகிறது. பொளிந்த முகங்களில் வடக்கு நோக்கியவற்றில் பாசியும் பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. ஆசிட் ஊற்றிக் கழுவிவிடலாம் என்ற தோட்டத்து மேற்பார்வையாளரின் யோசனையை ஸ்தபதி கடுமையாக மறுத்து, தேங்காய் நாரும் வெறுந் தண்ணீரும் போதும் என்று சொல்லியிருக்கிறார். பாசியை அப்படியே விடலாம் என்பது கட்டடக் கலைஞரின் கட்சி. உரிமையாளர் இன்னும் முடிவு சொல்லவில்லை. கனசதுரத்தின்மேல் தோட்டத்துப் பெண்கள் சாப்பாட்டுத் தூக்குகளை வைத்துவிட்டு எண்பட்டையில் அமர்ந்து பேசுகிறார்கள். இதுவரை எந்தக் கல்லிலும் திருநீறு படவில்லை. கோளத்தின் வடிகால் கோட்டில் சில்வர் ஓக் இலைகள் அடைத்துக்கொள்வதால் அதை இன்னும் அரை அங்குலம் அகலப்படுத்தும் வேலை அடுத்த கோடைக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.